யாளியும் இருதலைப்பட்சியும்: பதறும் மனத்துக்கு ஓர் ஓவியப் பாடம்

நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது, மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை, இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதன்பின் உறக்கமில்லை. இவ்வாறு சொல்லிக்கொண்டு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் இளைய வயதினர் பலர். இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறோம். தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றுக்கும் சோதிக்கிறோம். பல வேளைகளில் எல்லா முடிவுகளும் இயல்பாகவே வருகின்றன. அதைக் கேட்டதும் உடன் வந்த தாயார், "அப்போ புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்களா டாக்டர்?" என்று கேட்பதுண்டு. இதயத்தில் நோய் இல்லை என்பது மட்டுமே அந்தச் சோதனைகள் சொல்லும் செய்தி. பிள்ளை உணரும் துன்பம் உண்மையானது. அதற்குப் பதற்றம் என்று பெயர்; அதுவும் மருத்துவம் செய்ய வேண்டிய ஒன்றே ஆகும்.

இது நகரத்தார் நோய் என்றும், ஏரியும் வயலும் சூழ்ந்த உத்திரமேரூர்ப் பக்கத்தில் இதற்கு இடமில்லை என்றும் எண்ணுவோர் இன்னும் உள்ளனர். விடியுமுன் கூட்டுச்சாலையில் நின்று பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒரு வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் இரவு ஷிப்டு என்று மாறும்போது உடலின் உறக்கக் கடிகாரம் தடுமாறுகிறது. கடன் தவணையை நினைவூட்டும் குறுஞ்செய்தி வயல் வரப்பிலும் வந்து சேர்கிறது. ஊர் கிராமமாகவே இருக்கிறது. நாளின் ஓட்டம் மட்டும் நகரத்தினுடையதாகிவிட்டது.

பதற்றத்தின்போது உடலில் நிகழ்வதை எளிமையாகக் கூறலாம். மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்னும் சிறிய உறுப்பு உண்டு. ஆபத்தை முதலில் மோப்பம் பிடித்துக் குரல் கொடுப்பது அதுதான். அதன் குரல் கேட்டதும் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் ஒதுங்கி நிற்கிறது. எதிரே பாம்பு நின்றால் இவை யாவும் நம்மைக் காக்கும். நாளைய தவணையோ, வரப்போகும் ஸ்கேன் முடிவோ எதிரே நிற்பதில்லை. ஓடித் தப்பவும் வழியில்லை. எனவே வராத ஒன்றை நோக்கியே கவனம் மீண்டும் மீண்டும் ஓடுகிறது. உடலும் இடைவிடாமல் ஆயத்த நிலையிலேயே இருக்கிறது. அந்தக் கவனத்தைச் சற்று நேரம் வேறோரிடத்தில் அமர்த்த முடிந்தால் உடல் தானாகவே தணியத் தொடங்கும். மூச்சுப் பயிற்சி, நடைப்பயிற்சி, இசை, வழிபாடு ஆகியவை ஒவ்வொன்றும் தத்தம் வழியில் இதைச் செய்கின்றன. இந்த இதழில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஓவியம். அதிலும் இயற்கை உருவங்களைக் கனவில் கண்டவைபோல் கலந்து காட்டும் ஓவியம்.

மேற்கு நாடுகளில் இவ்வகைக் கலைக்குச் சர்ரியலிசம் என்று பெயர். தமிழில் மீமெய்மை என்பர். இதன் தோற்றத்தில் மருத்துவத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். 1924-இல் பாரிஸில் இவ்வியக்கத்தின் அறிக்கையை எழுதி வெளியிட்ட ஆந்த்ரே பிரெத்தோன் மருத்துவ மாணவராக இருந்தவர். முதல் உலகப் போரின்போது, 1916-இல், போர்முனையில் மனம் சிதைந்து திரும்பிய வீரர்களைக் கவனிக்கும் மருத்துவ மையத்தில் பணியாற்றினார். அவ்வீரர்களின் கனவுகளும் தொடர்பற்ற பேச்சுகளும் அவரது சிந்தனையில் ஆழப் பதிந்தன. அவருடைய தோழரான ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டும் அதே போரில் படைவீரராக இருந்தவர்தான். எர்ன்ஸ்ட் 1925-இல் ஒரு கடற்கரை விடுதியில் தங்கியிருந்தபோது, தேய்ந்துபோன மரத்தரையின் வரிகள் அவருடைய கண்ணை விடாமல் பற்றிக்கொண்டன. தரைமேல் தாளை விரித்துக் கரிய பென்சிலால் தேய்த்தார். தாளில் எழுந்த வரிகளில் அவர் காடுகளையும் பறவைகளையும் கடல்களையும் கண்டார். மர வரிகள், இலைகள் முதலியவற்றைத் தேய்த்து உருவாக்கிய அவருடைய படத்தொகுதி 'இயற்கை வரலாறு' என்னும் பொருள்படும் தலைப்பில் 1926-இல் வெளிவந்தது.

இந்தத் தேய்ப்பு முறை நமக்குப் புதிதன்று. நாணயத்தைத் தாளின் அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து அசோகச் சிங்கத்தை எடுத்த அனுபவம் பள்ளி சென்ற எல்லோருக்கும் இருக்கும். கணக்கு வகுப்பில் அதைச் செய்து குட்டு வாங்கியவர்களும் உண்டு. வரையத் தெரியாதவரும் செய்யக்கூடியது என்பதால் நோயாளிகளுக்கு இம்முறையையே நாங்கள் முதலில் பரிந்துரைக்கிறோம். செய்முறையைப் பிறகு கூறுவோம்.

மீமெய்மை என்னும் சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் மாவட்டத்துக் கல்லிலும் பட்டிலும் அந்தக் கண் இருந்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் காண்கிறோம். யாளிக்குச் சிங்கத்தின் உடல், யானையின் துதிக்கை, கல்லிலிருந்து பிதுங்கும் கண். உலகில் எங்கும் பிறக்காத விலங்கு அது. எனினும் அதன் ஒவ்வோர் உறுப்பும் நமக்குத் தெரிந்த உறுப்பே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில், பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும் சிங்கங்கள் வரிசை வரிசையாக மதிற்சிற்றாலயங்களைத் தாங்குகின்றன. சிவன் கோயில் வாகனங்களில் புருஷாமிருகம் உண்டு: மனித முகமும் விலங்கின் உடலும் கொண்டது. காஞ்சிபுரத்து நெசவாளர் பட்டுப்புடவையில் அன்னத்தையும் மயிலையும் மட்டும் நெய்வதில்லை; யாளியையும் இருதலைப்பட்சியையும் நெய்கின்றனர். ஓர் உடலில் இரண்டு தலைகள் இரு திசை நோக்கும் அந்தப் பறவையைத் திருமணப் புடவையின் கரையில் அணிந்துகொண்டு எத்தனையோ பெண்கள் மணவறையில் அமர்ந்திருக்கின்றனர். அச்சம் தரும் உருவம் என்று எவரும் அதை ஒதுக்கியதில்லை.

இவ்வுருவங்கள் கண்ணை நிறுத்தி வைப்பது எதனால்? எங்கள் கருத்து இது. முற்றிலும் பழகிய பொருளைக் கண் ஒரே நொடியில் கடந்து செல்லும்; முற்றிலும் அறியாத பொருள் அச்சத்தை எழுப்பும். யாளி இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. துதிக்கை எங்கே முடிகிறது, பிடரி எங்கே தொடங்குகிறது என்று கண் மெல்ல மெல்லத் தேடிச் செல்கிறது. அந்தத் தேடலில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் கப்ளானும் ஸ்டீபன் கப்ளானும் 1989-இல் வெளியிட்ட நூலில், இயற்கைக் காட்சிகள் மனத்தை வருத்தாமல் மென்மையாக ஈர்ப்பதால் களைத்த கவனம் மீண்டும் தெளிவடைகிறது என்று விளக்கினர். மேகம் நகர்வது, நீர் அசைவது, கிளை ஆடுவது ஆகியவை அவ்வகை ஈர்ப்புகள். கைப்பேசித் திரையும் ஈர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒவ்வொரு நொடியும் புதிய ஒன்றைக் காட்டி விரட்டுகிறது. ஒரு மணி நேரம் திரையைத் தள்ளிக்கொண்டிருந்த நோயாளியின் நாடித்துடிப்பு தணிந்திருப்பதை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

நகரத்துப் பதற்றத்திலிருந்து கலைக்குள் தப்பிச் செல்வது சரியா என்ற கேள்விக்கு விடை தேட, ஒன்றுபட்ட செங்கற்பட்டு மாவட்டமாக நாம் இருந்த காலத்துக்குச் செல்ல வேண்டும். சென்னைக் கலை கைவினைக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்த இளைஞர்களும் 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை உருவாக்கினர். சவுக்கும் மணலும் கடற்காற்றுமாக இருந்த இடம். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று அந்த வருவாயில் வாழ்ந்துகொண்டு, தாம் விரும்பிய ஓவியத்தைத் தீட்டினர். ஊரைவிட்டு விலகி உழைத்து வாழ்ந்த அந்த முயற்சியைத் தப்பித்தல் என்று இகழ எங்களுக்கு மனம் வரவில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது ஈஞ்சம்பாக்கமும் அதற்குள் வந்துவிட்டது. நகரத்தை விட்டுச் சென்றவர்களைத் தேடி நகரமே வந்து சேர்ந்தது எனலாம்.

சோழமண்டலத்தில் வாழ்ந்தவர்களில் கே. ராமானுஜத்தைப் பற்றிக் கூறாமல் இந்தப் பாடம் முழுமை பெறாது. தமிழ்நாட்டு நவீன ஓவியத்தில் கனவுலகைத் தீட்டியவர் என்று முதலில் நினைவுக்கு வருபவர் அவரே. மாடமாளிகைகள், பாம்புகள், சிறகு முளைத்த உருவங்கள் ஆகியவற்றை நுண்ணிய மைக்கோடுகளால் நெருக்கமாக வரைவார். அவற்றின் நடுவே தொப்பி அணிந்த மனிதராகத் தம்மையும் வரைந்துகொள்வார். பேசுவதில் இடர்ப்பாடு உடையவர். மனச்சிதைவு நோயால் துன்புற்றவர். பணிக்கர் அவருடைய ஆற்றலை உணர்ந்து ஊக்குவித்தார். எனினும் 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, ராமானுஜம் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மனநோய்தான் பெருங்கலையைப் பிறப்பிக்கிறது என்றொரு கதை உலவுகிறது; அதை நாங்கள் ஏற்பதில்லை. அவரது கலை அவருடைய உழைப்பிலும் பயிற்சியிலும் பிறந்தது. நோய் அவருக்குத் துன்பத்தையே தந்தது. மறுபுறம், படம் வரைந்தால் மருந்து வேண்டியதில்லை என்னும் பேச்சும் இருக்கிறது. அது இன்னும் கெடுதியானது. மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு, தீவிர மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருந்தும் மனநல மருத்துவரின் தொடர் கவனிப்பும் கட்டாயம் தேவை. கலை அவற்றோடு சேர்ந்து நடக்கலாம். அவற்றின் இடத்தில் அமர முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளை இரவெல்லாம் விழித்து அழகாக வரைகிறான் என்றால், ஓவியத்தைப் பாராட்டுங்கள். உறங்காததைப் பற்றியும் கேளுங்கள்.

மருத்துவ ஆய்வுகளுக்கு வருவோம். அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்படுவது. பென்சில்வேனியாவிலுள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அகற்றும் அறுவை முடிந்த 46 பேரின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். 23 பேருடைய படுக்கைக்கருகே இருந்த சன்னல் மரங்களை நோக்கியது. மற்ற 23 பேருக்குச் செங்கற்சுவரே தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாள்களிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாள்களிலும் வீடு திரும்பினர். முன்னவர்களுக்குக் கடுமையான வலிநீக்கி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆகவே முடிவை அளவோடு ஏற்க வேண்டும். ஆனால் ஒரு சன்னல் செய்யும் வேலைக்குக் கட்டணம் ஏதுமில்லை.

அதே உல்ரிக் 1993-இல் சுவீடன் நாட்டின் உப்சாலாவில் இதய அறுவை முடிந்த நோயாளிகளின் எதிரே வெவ்வேறு படங்களை வைத்துப் பார்த்தார். நீரும் மரமும் உள்ள திறந்த வெளிக் காட்சி பதற்றத்தைத் தணித்தது. நேர்க்கோட்டு வடிவங்களாலான அருவ ஓவியமோ, படமே இல்லாதவர்களைக் காட்டிலும் அதிகப் பதற்றத்தைத் தந்தது. எங்கள் பாடத்துக்கு இது முக்கியமான எச்சரிக்கை. நலமாக உள்ளவருக்கு வியப்பூட்டும் விசித்திர ஓவியம், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரை மிரட்டக்கூடும். குறிப்பாக, முதியவர்களுக்குக் காய்ச்சலாலோ, உப்புச்சத்துக் குறைவாலோ, அறுவைக்குப் பின்னரோ தற்காலிகக் குழப்பநிலை வருவதுண்டு. மாலை மங்கியதும் சுவரில் பூச்சி ஊர்கிறது, மூலையில் யாரோ நிற்கிறார் என்பார்கள். அப்போது யாளியும் வேண்டாம், இருதலைப்பட்சியும் வேண்டாம். பெரிய எழுத்துள்ள நாள்காட்டி, கடிகாரம், பேரப்பிள்ளைகளின் நிழற்படம், நல்ல வெளிச்சம், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவையே அவர்களுக்கு உதவும்.

பார்ப்பதைவிடச் செய்வது சிலருக்கு அதிகப் பயன் தரும். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நலமாயுள்ள 39 பேர் 45 நிமிடம் கலைப்பொருள் செய்தனர். அவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு உமிழ்நீரிலுள்ள கார்டிசால் அளவு குறைந்தது. முன்பயிற்சி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. 'எனக்குக் கை வராது' என்பவர்களுக்கு இதை நினைவூட்டுகிறோம். இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்னும் ஓவியர் 1938-இல் காசநோய்க்காக மருத்துவமனையில் நெடுநாள் படுத்திருந்தபோது, கையருகில் இருந்த பொருள்களை வரைந்து பொழுதைக் கடத்தினார். பிறகு சக நோயாளிகளையும் வரையச் செய்தார். கலைச் சிகிச்சை என்னும் பெயரை வழக்கில் கொண்டுவந்தவர் அவரே. காசநோய்க்குப் பயன்தரும் மருந்து அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. இன்று மருந்து இருக்கிறது. அதை முழுக் காலத்துக்கும் உட்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லாமல் இருக்க மருத்துவர்களால் முடியாது!

இயற்கை உருவத்துக்காக நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற்சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் நினைவுகூர்கின்றனர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் ஒன்று. ஊரின் தோட்டத்தைப் பேணுவதை ஊராட்சியின் வேலையாகவே கருதியிருக்கின்றனர். கார்த்திகைக்குப் பின் வேடந்தாங்கலுக்குச் சென்றால், நீரில் நிற்கும் கடம்ப மரங்களின்மேல் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூடியிருக்கும். கூழைக்கடாவின் அலகுப் பையைப் பார்ப்பவர், யாளியைப் படைத்த சிற்பிக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று கேட்கமாட்டார்.

இனிச் செய்முறை. அதற்கு முன், எவரெவர் ஓவியத்தை ஒத்திவைத்து உடனே மருத்துவரிடம் வர வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். நெஞ்சின் நடுவில் அழுத்தும் வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால், அதைப் பதற்றம் என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள், 108-ஐ அழையுங்கள். படபடப்போடு உடல் எடை குறைந்து கை நடுங்கினால் தைராய்டுச் சோதனை தேவை. நாள்தோறும் மது அருந்தி வந்தவர் திடீரென நிறுத்தியபின் நடுக்கமும் குழப்பமும் வந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும். பதற்றத்துக்கோ உறக்கத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொள்பவர், நன்றாக இருக்கிறது என்று தாமாக நிறுத்தக் கூடாது. சில மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பதற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து உறக்கத்தையும் வேலையையும் கெடுத்தாலும் வாருங்கள். வாழ வேண்டாம் என்னும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அதை யாரிடமாவது சொல்லிவிடுங்கள். டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டு அரசின் 104 ஆகிய எண்களில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உடனிருப்பவர் அந்த எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்பதால் அது தூண்டப்படுவதில்லை. மாறாக, நோயாளியின் மனச்சுமை குறைகிறது.

தேய்ப்பு ஓவியத்துக்கு வேண்டியவை ஒரு மெல்லிய தாள், கருமை மிகுந்த ஒரு பென்சில் அல்லது மெழுகு வண்ணக்குச்சி, சில இலைகள். அரசு, பூவரசு, ஆமணக்கு ஆகியவற்றின் இலைகளில் நரம்பு நன்கு எழும்பியிருக்கும். பச்சையாக இருப்பதைக் காட்டிலும் செய்தித்தாளுக்கிடையில் ஒருநாள் அழுத்தி வைத்த இலை நல்லது. ஆமணக்குக் கொட்டை நச்சுடையதாகையால் குழந்தைகள் உள்ள வீட்டில் இலையை மட்டுமே கொண்டுவாருங்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர் ஆகியோரின் படுக்கையருகே இலையோ மண்ணோ பூச்சாடியோ கூடாது. அவர்களுக்குத் தென்னங்கீற்றுப் பாய், கூடை, நாணயம், பட்டுக்கரையின் சரிகைப் புடைப்பு ஆகியவற்றை உடனிருப்பவர் வீட்டிலேயே தேய்த்துத் தாளாகக் கொண்டுவரலாம்.

நரம்புள்ள அடிப்பக்கம் மேல்நோக்குமாறு இலையை வைத்து, அதன்மேல் தாளை விரித்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். விளிம்பும் நரம்பும் எழும். இலையைச் சற்று நகர்த்தி மீண்டும் தேய்த்தால் ஒன்றன்மேல் ஒன்று படியும். பிறகு தாளைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பாருங்கள். சிறகு தெரிகிறதா, மீன் தெரிகிறதா, துதிக்கை தெரிகிறதா என்று நோயாளியைக் கேளுங்கள். நீங்களாக விடை சொல்லாதீர்கள். தெரிந்த உருவத்துக்கு ஒரு கண்ணோ காலோ அவரே வரைந்து சேர்க்கட்டும். பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்தவர் இடக்கையால் தேய்க்கலாம். தாள் நழுவாமல் மூலைகளில் ஒட்டிக்கொடுங்கள். கோலம் போட்டுப் பழகிய பெண்கள் இலையைச் சுற்றிப் புள்ளி வைத்துக் கம்பி இழுக்கத் தொடங்கிவிடுவார்கள், இழுக்கட்டும். இருபது நிமிடம் போதும். களைத்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடலாம். நன்றாக வந்திருக்கிறதா என்ற பேச்சே வேண்டாம்.

முடிந்ததும் தாளின் பின்புறத்தில் தேதியையும், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு அந்தத் தாள்களையும் எடுத்து வாருங்கள். முன்பக்கத்தை நாங்கள் மகிழ்ந்து பார்ப்போம். மாத்திரையின் அளவைக் குறைப்பதா, அப்படியே வைப்பதா என்று முடிவெடுக்கப் பின்பக்கம் உதவும்.